டூ வீல் டிரைவே போதும் என்றார்

எனக்குச் சந்தேக புத்தி என்று ஊரே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். கடைக்காரர் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே எடை போட்டால், நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், தராசைத்தான் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் அளவுக்கு மீறி அன்பாகப் பேசினால், மடியில் இருக்கும் பையை மறு பக்கம் மாற்றி வைத்துக்கொள்வேன். என் கணவருக்கு இது பிடிக்காது. "சாமியே நேர்ல வந்து வரம் குடுத்தாலும், எதுக்குக் குடுக்குறீங்கன்னு கேக்குற ஆளு நீ" என்பார். கேட்டால் என்ன தப்பு? காரணம் இல்லாமல் யார் எதைக் கொடுக்கிறார்கள்?

அப்படிப்பட்ட என்னிடம், டிராக்டர் வாங்கலாம் என்று பேச்செடுத்த அன்றே, "டூ வீல் டிரைவே போதும்" என்று சொன்னார்.

போதும் என்ற சொல் அவர் வாயில் வந்ததுதான் எனக்கு இடித்தது. அவர் எதையும் பெரிதாக வாங்குகிற மனுஷன். டிவி வாங்கப் போனவர் சுவரையே அடைக்கிற மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கிரைண்டர் வாங்கப் போனோம். கல்யாண வீட்டுக்கு மாவாட்டுகிற அளவில் ஒன்றைக் கையைக் காட்டினார், நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். அந்த மனுஷன் டிராக்டர் விஷயத்தில் மட்டும் போதும் என்கிறார்.

எனக்கு அப்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எல்லா டிராக்டருக்கும் நாலு சக்கரம்தானே இருக்கிறது, அதில் ரெண்டென்ன நாலென்ன என்று கேட்டேன். அவர் வேண்டா வெறுப்பாக விளக்கினார். டூ வீலில் பின்னால் இருக்கிற பெரிய சக்கரம் இரண்டும்தான் வண்டியைத் தள்ளும், முன்சக்கரம் சும்மா உருண்டு வரும். ஃபோர் வீலில் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். டூ வீல் விலை குறைவு, டீசல் குறைவாகக் குடிக்கும், கொஞ்ச இடத்தில் திரும்பும், ரோட்டில் நன்றாக ஓடும். "ஃபோர் வீல் சேத்துக்கு நல்லது" என்று கடைசியாகச் சொன்னார். சொல்லும்போது குரல் இறங்கியது.

"நமக்குச் சேறுதானங்க?"

"நம்ம சேத்துக்கு டூ வீலே போதும்" என்று எழுந்து போய்விட்டார்.

எங்கள் ஊர் மயிலாடுதுறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற பக்கம். எங்களுக்கு நிலம் இரண்டு இடத்தில். ரோட்டோரமாக ஒரு துண்டு, உள்ளே தள்ளி இன்னொரு துண்டு. உள்ளே இருப்பதை உள்வயல் என்போம். நல்ல களி. ரோட்டு வயலைவிட உள்வயலில்தான் எப்போதும் நெல் கூடுதலாகக் காணும். ஆனால் அதற்கு வண்டி போக வழி கிடையாது. மூன்று பக்கமும் பண்ணை வீட்டுக்காரர் வயல், நாலாவது பக்கம் வடிகால்.

ஆள் போக வரப்பு இருக்கிறது. வரப்பில் டிராக்டர் போகாது. அடுத்தவர் வயலில் இறங்கி, அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். அடுத்தவர் நடவு நட்டுவிட்டால் கதை முடிந்தது. நட்ட நாற்று மேல் யார் வண்டி விடுவார்கள்? அதனால் ஒவ்வொரு சம்பாவுக்கும் முன்னால் உள்வயல்காரர் போய், வெளிவயல்காரரிடம் வழி கேட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நீங்கள் நடுவதற்கு முன்பு நாங்கள் சேறடித்துக்கொள்கிறோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். அவர் ஆகட்டும் என்பார். சில வருஷம் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு, நாம் வாடகை வண்டி பிடித்துக்கொண்டு வருவதற்குள் நட்டும் விடுவார்.

போன சம்பாவுக்கு அப்படித்தான் ஆனது. ஆள் விட்டு மண்வெட்டியால் கொத்தி, மிதித்து, பிந்தி நட்டோம். பயிர் தலையெடுப்பதற்குள் ஐப்பசி மழை வந்து மூழ்கடித்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். வயல் முழுக்க அழுகல் வாடை. அன்றைக்கு எனக்கு அடுப்புப் பற்றவைக்கவே மனம் வரவில்லை. கடனோ உடனோ வாங்கி ஒரு சொந்த வண்டி எடுத்துவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தோம். சொந்த வண்டி இருந்தால் அவர் ஆகட்டும் என்று சொன்ன அன்றே உள்ளே போய் வேலையை முடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

அந்த உள்வயலை எங்களுக்கு விற்றதே பண்ணை வீடுதான். என் மாமனார் அங்கே பண்ணையாளாக இருந்தவர். எங்கள் குடும்பத்துக்குச் சொந்தம் என்று முதலில் வந்த மண் அதுதான். விற்றவர்கள் வழியைச் சேர்த்து எழுதிக் கொடுக்கவில்லை. வாங்கியவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் கேட்க வாய் வரவில்லை. தெரிந்தேதான் அப்படி விற்றிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். வழி இல்லாத மண்ணை வாங்கியவன் ஆயுசுக்கும் அவர்கள் வாசலுக்கு வந்துகொண்டே இருப்பான் அல்லவா?

வழி கேட்க என் கணவர்தான் போவார். காலையில் போகிறவர் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். சில வருஷம் மறுநாளும் போவார்.

"என்ன சொன்னாரு?"

"ஆகட்டும்னுட்டாரு."

"ஆகட்டும்னு சொல்ல இவ்ளோ நேரமா?"

"பேசிக்கிட்டு இருந்தோம்."

அங்கே உட்கார்ந்து காபியைக் குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிவிட்டு வருகிறார், நான் இங்கே நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டி இடுப்பொடிகிறேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேட்டியில் சேறு இருந்தால், வரும் வழியில் வயலைப் பார்த்துவிட்டு வந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

வண்டி பார்க்க மயிலாடுதுறை ஷோரூமுக்குப் போனோம். சேல்ஸ்மேன் ஓடி வந்து நாற்காலி போட்டார், கூல்டிரிங்க்ஸ் கொடுத்தார். நான் தொடவில்லை. குடித்துவிட்டால் அப்புறம் பேரம் பேச நாக்கு எழும்பாது.

"உங்க ஏரியாவுக்கு ஃபோர் வீல்தான் சார் கரெக்ட்டு. கடைமடையில டூ வீல் எறக்குனா மாட்டிக்கும்" என்றார் சேல்ஸ்மேன்.

"டூ வீல் பாக்கலாம்" என்றார் என் கணவர்.

"டூ வீலும் சூப்பர் வண்டி சார். டெல்டாவுல பாதிப் பேரு அதத்தான் வச்சிருக்காங்க."

ஒரு வாய்க்கும் மறு வாய்க்கும் நடுவில் இப்படிப் புரளுகிறவரை எப்படி நம்புவது? ஆனால் எனக்கு அவர் மேல் வந்த சந்தேகம் சீக்கிரமே என் கணவர் பக்கம் திரும்பிவிட்டது. அவர் வண்டியின் முன்னாலேயே போகவில்லை. நேராகப் பின்னால் போய் டிரெய்லர் மாட்டுகிற கொக்கியை ஆட்டிப் பார்த்தார். டிரெய்லரில் எவ்வளவு ஏற்றலாம், லோடோடு பிரேக் எப்படிப் பிடிக்கும், ரோட்டில் என்ன வேகம் போகும் என்று துருவித் துருவிக் கேட்டார். சேற்றில் எப்படிப் போகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேறடிக்க மாட்டுகிற இரும்புச் சக்கரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"கேஜ் வீல் இதுல மாட்டலாமா தம்பி?"

"மாட்டலாம் சார்" என்று சேல்ஸ்மேன் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "டிரெய்லரப் பத்தி எதுக்கு அவ்ளோ விசாரிச்சீங்க?"

"நெல்லு ஏத்தத்தான்."

"நெல்லு ஏத்துறது வருஷத்துக்கு ஒரு நாளு. சேறு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ரோட்டில் பார்க்க ஒன்றும் கிடையாது, வழி நெடுக வயல்தான்.

அதற்குப் பிறகு நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். போன் வந்தால் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்ப் பேசினார். என்னைக் கண்டால் "சரி, அப்புறம் பேசுவோம்" என்று வைத்தார். முன்பெல்லாம் போனில் சேற்றில் மாட்டிய வண்டியை எப்படி வெளியே எடுப்பது என்று வீடியோ பார்ப்பார்; இப்போது செங்கல் ஏற்றிப் போகிற வண்டிகளாகப் பார்த்தார். சேல்ஸ்மேனிடம் கமிஷன் ஏதாவது பேசியிருக்கிறாரா என்று நினைத்தேன். வேறு மாதிரியான சந்தேகமும் ஒரு நாள் வந்தது. கொட்டகையில் சாணியை மிதித்துக்கொண்டு, கிழிந்த பனியனோடு நின்று போன் பேசுகிறவரை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

வாங்குவதற்கு முன்னால் வண்டியை நம் வயலுக்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டுவார்கள். டெமோ என்று பெயர். எப்படியும் உழ வேண்டிய வயலாகப் பார்த்து விடச் சொல்லுவது எங்கள் ஊர்க்காரர்களின் சாமர்த்தியம். ஒரு உழவு மிச்சம். ஆடி மாதம், வாய்க்காலில் தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது. சேல்ஸ்மேன் ஒரு டூ வீல் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து ரோட்டு வயலோரம் நிறுத்தினார்.

"பண்ணை வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு உள்வயலுக்கு விடுங்க. அங்கதான் களி. அங்க ஓடுச்சுன்னா எங்கயும் ஓடும்" என்றேன்.

"வேணாம். இங்கயே பாத்துக்கலாம்" என்றார் என் கணவர்.

"ஏன்?"

"ஏன்னா... இங்கயே பாத்துக்கலாம்."

சேல்ஸ்மேன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், சாருக்கு லோடு ஓட்டத்தான வண்டி? செங்கல், ஜல்லின்னு போன்ல சொன்னாங்களே. உழவுக்கு ரோட்டு மேல இருக்குற இந்த ஒரு வயல் மட்டும்தான்னாங்க."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தேன். சேல்ஸ்மேன் எதிரில் கத்தக்கூடாது என்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

"உள்வயல யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "பண்ணை வீட்டுலயே கேட்டிருக்காங்க" என்றார்.

மாமனார் காலமெல்லாம் உழைத்து வாங்கிய மண். அவர்களிடமே திருப்பிக் கொடுக்கப் போகிறாராம், அதுவும் எனக்குத் தெரியாமல். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தாரா? நான் என்னென்னவோ கேட்டேன். என்ன ஆசை காட்டினார்கள், அங்கே போய் உட்கார்ந்து பேசிப் பேசி இதைத்தான் முடித்தீர்களா, அந்தக் காபியில் என்ன போட்டுக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவர் எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நான் ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார். "நீ ஒரு தடவ போயி வழி கேட்டுட்டு வா. அப்புறம் பேசு."

"போறேன். எனக்கென்ன பயமா?"

மறுநாள் காலையில் போனேன். கேட்டைத் திறந்து உள்ளே போனால் கார் நிற்கிற போர்டிகோ. நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது, ஒன்றைத் தவிர எல்லாம் காலி. பண்ணை வீட்டுக்காரர் அதில் ஒன்றில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். பழைய பண்ணையாரின் மகன். என் கணவரைவிடப் பத்து வயதாவது சின்னவர். என்னைப் பார்த்தார். இரு என்று விரலைக் காட்டினார். நான் போர்டிகோவுக்கு வெளியே வெயிலில் நின்றேன். அந்தப் போன் முடிந்தது. இன்னொரு போன் போட்டார், யாரிடமோ கார் டயரைப் பற்றிப் பேசினார், சிரித்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். நாற்காலியில் நானாகப் போய் உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தேன். என் கால் நகரவில்லை. ஏன் நகரவில்லை என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஒரு வழியாகப் போனை வைத்தார். "என்ன?"

"உள்வயலுக்கு வழி கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன் சார்."

சார் என்றதும் புருவத்தை உயர்த்தினார். எங்கள் தெருவில் எல்லாரும் அவரை ஐயா என்றுதான் சொல்வார்கள். என் கணவரும் அப்படித்தான்.

"அவன் எங்க?"

"வேலையா இருக்காரு."

"அவன வரச்சொல்லு. தெக்கு வரப்பு பூரா சரிஞ்சு கெடக்கு. ஆடி பொறந்தாலே வந்து வெட்டிட்டுப் போயிடுவான், இந்த வருஷம் ஆளையே காணும்."

எனக்குப் புரியவில்லை. "எந்த வரப்பு சார்?"

"எங்க வரப்புதான், வேற எது? வழி என்ன சும்மாவா விடுறாங்க? வரப்பு வெட்டுறது, எருக்குழி அள்றது எல்லாம் அவன்தான் பாப்பான். அவங்கப்பன் காலத்துலேருந்து அப்படித்தான நடக்குது." பிறகு ஏதோ நினைவு வந்தவர் போல, "ஆமா, வயலயே குடுத்துடறேன்னு சொன்னானே. நீ என்ன வழி கேட்டுக்கிட்டு நிக்கிற?" என்றார்.

"நான் வரேன் சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த வாசலில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். வரப்பில் ஏறியதும் என்னால் அடக்க முடியவில்லை. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் என் கணவர் அந்த வீட்டு எருக்குழியை அள்ளிவிட்டு, வாய்க்காலில் கையைக் காலைக் கழுவிக்கொண்டு வந்து, என்னிடம் 'பேசிக்கிட்டு இருந்தோம்' என்று சொல்லியிருக்கிறார். நானும் அதை நம்பி, அதற்கும் ஒரு சண்டை போட்டிருக்கிறேன். தராசைப் பார்க்கத் தெரிந்த எனக்கு வேட்டியில் இருந்த சேற்றைப் பார்க்கத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போகவில்லை. உள்வயலில் போய் உட்கார்ந்தேன். என்னைத் தேடிக்கொண்டு அவரே அங்கே வந்தார். பக்கத்தில் உட்காராமல் வரப்பில் நின்றார்.

"சொன்னாரா?"

"சொன்னாரு. ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ போயி சண்ட போடுவ. அப்புறம் இருக்குற வழியும் போயிடும்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அலுத்துப்போச்சு. வருஷா வருஷம் போயி நிக்க முடியல. இத அவருகிட்டயே தள்ளிவிட்டுட்டு, ஒரு வண்டிய எடுத்து ரோட்டுல ஓட்டுனா யாருகிட்டயும் நிக்க வேணாம்ல. ரோட்டுக்கு டூ வீலே போதும்."

அவர் மறைத்ததெல்லாம் இவ்வளவுதான். கமிஷனும் இல்லை, ஆசை காட்டலும் இல்லை. எதிரில் வடிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வயலின் நாலாவது பக்கம். அதற்கு அந்தண்டை வடிகால் கரை. கரை புறம்போக்கு நிலம், யாருக்கும் சொந்தமில்லை. ரோட்டிலிருந்து அதன் மேலேயே வண்டி வரும். அறுப்புக்கு வருகிற, சக்கரம் இல்லாத பெல்ட் வண்டி ஒரு தடவை அந்தக் கரை வழியாக வந்து, வடிகாலில் இறங்கி எங்கள் வயலில் ஏறியிருக்கிறது. வாடகை டிராக்டர்காரர்கள் யாரும் அங்கே இறங்க மாட்டார்கள். எல்லாருடையதும் டூ வீல்.

"ஏங்க, ஃபோர் வீல் அதுல எறங்குமா?"

அவர் வடிகாலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "அடி கெட்டியா இருந்தா எறங்கும்" என்றார். பிறகு உடனே, "நடக்காது, விடு" என்றார். நம்பிக்கை வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம்.

நான் மூங்கில் கழியை எடுத்து வந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். ஆகாயத்தாமரையை விலக்கிவிட்டுக் குத்திக் குத்திப் பார்த்தேன். பல இடத்தில் கழி இறங்கிக்கொண்டே போனது. பெல்ட் வண்டி இறங்கின இடத்தில் மட்டும் முழங்கால் ஆழத்தில் தட்டி நின்றது. அதையும் நான் நம்பவில்லை. அங்கேயே அக்கம்பக்கம் எல்லாம் குத்திப் பார்த்தேன். எல்லா இடத்திலும் தட்டியது. நான் குத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வீட்டுக்குப் போய் மண்வெட்டியோடு வந்தார். இரண்டு பக்கமும் கரையைச் சரிவாக வெட்ட ஆரம்பித்தார்.

சேல்ஸ்மேனுக்கு நானே போன் செய்தேன். "ஃபோர் வீல் கொண்டாங்க தம்பி. டெமோ வடிகால்ல."

வந்து பார்த்தவர் கரையிலேயே நின்றுவிட்டார். "மேடம், இதுல வண்டி மாட்டுனா எனக்கு வேல போயிடும்."

"மாட்டுனா உங்க வண்டி சரியில்லன்னு அர்த்தம். மாட்டாதுன்னுதான ஷோரூம்ல சொன்னீங்க?"

அரை மனசாக இறக்கினார். முன்சக்கரம் சேற்றில் பதிந்ததும் பயந்துபோய்ப் பின்னுக்கு எடுத்துவிட்டார். வேண்டுமென்றே செய்கிறாரோ என்று எனக்கு ஒரு பக்கம் சந்தேகம். இன்னொரு பக்கம், என் கழிதான் பொய் சொல்லிவிட்டதோ என்று பயம். அப்போது என் கணவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "நீங்க எறங்குங்க தம்பி" என்றார். சேல்ஸ்மேன் இறங்கினார்.

இவர் ஏறி உட்கார்ந்து, முன்சக்கரத்தையும் சேர்த்துவிடுகிற லிவரைப் போட்டார். அவசரப்படவில்லை. சின்ன கியரில், ஒரே சீராக இறக்கினார். பின்னால் மாட்டியிருந்த, சேறடிக்கிற ரோட்டவேட்டரைத் தூக்கிப் பிடித்தபடி வண்டி சேற்றுக்குள் போனது. நடுவில் ஒரு இடத்தில் பின்சக்கரம் இரண்டும் வெறுமனே சுற்றிச் சேற்றை வாரி அடித்தது. சேல்ஸ்மேன் தலையில் கை வைத்தார். இவர் மேற்கொண்டு முறுக்கவில்லை, கொஞ்சம் குறைத்தார். முன்சக்கரத்தின் பல் எங்கள் பக்கத்துச் சரிவைப் பிடித்தது. வண்டி ஒரு உறுமல் உறுமிவிட்டு, முன்னால் இழுத்து இழுத்து ஏறி உள்வயலில் வந்து நின்றது. சேல்ஸ்மேன் கை தட்டினார்.

பண்ணை வீட்டுக்காரருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. பைக்கை ரோட்டில் நிறுத்திவிட்டு, தன் வரப்பு மேலேயே வேகமாக நடந்து வந்தார். எங்கள் வயலோரம் வந்து நின்றார்.

"என்னடா இது, வடிகால்லல்லாம் எறங்கிக்கிட்டு? வண்டி கவுந்தா என்னாவுறது? நம்ம வயல் வழியா வா. நான் என்ன வேணாம்னா சொல்லிட்டேன்?"

இத்தனை வருஷம் இல்லாத அக்கறை. எனக்கு உடனே பிடிபட்டது. வேறு வழி இருக்கிறது என்று ஆகிவிட்டால் இந்த வயல் அவர் கைக்கு வராது. வரப்பு வெட்டவும் ஆள் வராது. "வரப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றும் சேர்த்துச் சொன்னார். கேட்காமலேயே சொன்னார்.

என் கணவரைப் பார்த்தேன். பண்ணை வீட்டுக்காரரைக் கண்டால் இவர் தலைத்துண்டை அவிழ்த்துவிடுவார், வண்டியில் இருந்தால் கீழே இறங்கிவிடுவார். அது என்றைக்குமான பழக்கம். இறங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சரிங்கய்யா என்று சொல்லிவிடுவார், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் பயந்தேன்.

அவர் இறங்கவில்லை. துண்டிலும் கை வைக்கவில்லை.

"வேணாம் தம்பி" என்றார். "நான் இந்தப் பக்கமாவே வந்துக்கிறேன். நீங்க வெயில்ல நிக்காதீங்க."

சொல்லிவிட்டு ரோட்டவேட்டரை இறக்கினார்.